வைரங்கள் ஏன் நீண்டுபோயின? நூல் வேலைப்பாட்டோடு தூண்டில் ராடு கட்டுவது பற்றி

கேள்வி கேட்டவர் பல வருடமாகக் கடை ராடிலேயே மீன் பிடித்தவர். இனித் தனக்கான ராடைத் தானே கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார். கைப்பிடிக்கு மேலே வைர வடிவில் நூல் வேலைப்பாடும் வேண்டுமாம். ஒரு பழைய ராடில் பழகிப் பார்த்திருக்கிறார். சுற்றும்போது பளிச்சென்று இருந்த நீல நூல், எபாக்சி என்ற, காய்ந்தால் கெட்டியாகும் பிசினைப் பூசியதும் கறுத்துத் திட்டுத்திட்டாகிவிட்டது. வைரங்களும் கீழே ஒழுங்காக ஆரம்பித்து, நுனிப்பக்கம் போகப்போக நீண்டு ஈட்டி முனை மாதிரி ஆகிவிட்டன. எங்கே தப்பு, லேத் மாதிரி ஏதாவது மெஷின் வாங்கித்தான் ஆகவேண்டுமா என்று கேட்கிறார்.

மெஷின் வேண்டாம். உங்கள் கையிலும் குறை இல்லை. நூல் கறுத்தது நைலானின் குணம்; வைரம் நீண்டது அளவு குறித்ததில் வந்த பிசகு. இரண்டையும் விளக்கமாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ராடு கட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். பார்க்கிறவர் கண்ணில் படுவது வைரம். பெரிய மீன் இழுக்கும்போது வேலை செய்வது, தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களை ராடோடு பிடித்திருக்கும் சாதாரணச் சுற்றுதான். அந்தச் சுற்று கைவந்தவருக்கு வைரம் தானாக வந்துவிடும். வைரத்தில் ஆரம்பித்தவர்கள் பாதியில் ராடை மூலையில் சாத்திவிட்டதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இந்த அலங்காரமே ஒரு தேவையிலிருந்து வந்ததுதான். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் மூங்கிலைப் பட்டைகளாகப் பிளந்து, முக்கோணமாகச் செதுக்கி, ஆறை ஒன்றாக ஒட்டி ராடு செய்ய ஆரம்பித்தார்கள். பென்சில்வேனியாவின் ஈஸ்டன் ஊரில் துப்பாக்கி செய்துவந்த சாமுவேல் ஃபிலிப்பி 1840-களில் இதில் முன்னோடி என்பார்கள். அன்றைய பசை விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சியது. தண்ணீர் பட்டால் இளகிவிடும். பட்டைகள் பிரியாமல் இருக்க ராடு முழுக்க இடைவெளி விட்டுப் பட்டு நூலால் கட்டினார்கள். பிறகு நல்ல பசை வந்தது, அந்தக் கட்டுகளுக்கு வேலை இல்லாமல் போனது. ஆனாலும் நூல் போகவில்லை, அழகுக்காகத் தங்கிவிட்டது.

சரி, ராடுக்கு வருவோம்.

பிளாங்க் என்பது வளையமும் கைப்பிடியும் இல்லாத வெறும் கோல். கார்பன், கண்ணாடி நார், இரண்டும் கலந்தது என்று கிடைக்கும். முதல் ராடுக்கு ஏழு அடிக்குள், நடுத்தர பலமுள்ள ஒன்றை எடுங்கள். மிக மெல்லிய நுனி உள்ளதை எடுத்தால் நுனி வளையங்களைச் சுற்றுவதற்குள் கண் பூத்துவிடும். ஸ்பைன் பற்றி நிறையக் கேள்விப்படுவீர்கள். பிளாங்க்கின் அடியை மேசை மேல் ஊன்றி, நுனியை ஒரு கையில் தாங்கி, நடுவில் லேசாக அழுத்தி உருட்டினால், ஒரு இடத்தில் அது துள்ளித் தானாகத் திரும்பி நிற்கும். அதைத்தான் ஸ்பைன் என்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் வளையம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மீன் இழுக்கும்போது ராடு கையில் முறுக்கிக்கொள்ளும் என்று ஒரு கட்சி. நான் அந்தக் கட்சியில் இல்லை. முறுக்குவதற்குக் காரணம் வளையங்கள் ராடின் முதுகில் இருப்பதும், நரம்பின் இழுப்பு மேலேயிருந்து வருவதும்தான். அது ஸ்பைனைப் பார்த்து வருவதில்லை. பிளாங்க்கில் லேசான வளைவு இருந்தால் அது மேலோ கீழோ வரும்படி திருப்பி, முன்னாலிருந்து பார்க்க நேராகத் தெரியும்படி வைப்பேன். அவ்வளவுதான்.

கைப்பிடியையும், ரீலைப் பொருத்தும் ரீல் சீட்டையும் பற்றி இரண்டே வார்த்தை. கார்க்கோ ஃபோமோ எதுவானாலும் துளையை அது உட்காரும் இடத்தின் தடிமனுக்கு அராவி, நுனிப்பக்கமிருந்து இறக்கி ஒட்ட வேண்டும். ரீல் சீட்டுக்கும் பிளாங்க்குக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மாஸ்கிங் டேப்பை மட்டும் சுற்றி நிரப்பினால் தண்ணீர் இறங்கி ஒருநாள் ஆடத் தொடங்கும். டேப் பட்டைகளுக்கு நடுவே இடம் விட்டு அங்கெல்லாம் எபாக்சிப் பசை நிறைய விடுங்கள். கைப்பிடி ஒட்டிக் காய்ந்த பிறகே நூல் வேலை.

வளையங்களை நிறுத்தும் இடம் கொஞ்சம் நேரம் கேட்கும். ஏழு அடி ராடுக்கு நுனி வளையம் போக ஏழோ எட்டோ தேவைப்படும். நுனிப்பக்கம் நெருக்கமாகவும் ரீல் பக்கம் வரவர அகலமாகவும் வைத்து, இப்போதைக்கு மெல்லிய டேப்பால் ஒட்டிக்கொள்ளுங்கள். நரம்பை எல்லா வளையத்திலும் கோத்து, முனையில் எடையைக் கட்டி ராடை நன்றாக வளையவிட்டுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ராடின் வளைவோடு நரம்பும் சேர்ந்து வளைய வேண்டும். இரண்டு வளையங்களுக்கு நடுவே நரம்பு நேர்கோடாக ஓடி, வளையத்தில் மட்டும் சட்டென்று முறிந்து திரும்பினால், அங்கே வளையத்தை நகர்த்த வேண்டும், அல்லது ஒன்று கூட்ட வேண்டும். இந்தச் சோதனையை முடித்தபின் பென்சிலால் இடங்களைக் குறித்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள்.

அடுத்து வளையத்தின் கால், அதாவது ராடின் மேல் படிந்து நூலால் கட்டப்படும் பகுதி. பெட்டியிலிருந்து எடுத்த வளையத்தின் காலை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நுனி மொட்டையாக, ஒரு படி மாதிரி இருக்கும். நூல் அந்தப் படியில் ஏறும்போது தடுக்கி இடைவெளி விடும், அல்லது வழுக்கிக் கீழே விழும். சிறிய அரத்தால் மேல்பக்கத்தை மட்டும் சாய்வாக அராவி, காகிதம் போல மெலிதாக்கி, அடியில் இருக்கும் பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். என் இரண்டாவது ராடில் அவசரத்தில் இதை விட்டுவிட்டேன். நாலைந்து தடவை தண்ணீருக்குப் போய்வந்ததும் ஒவ்வொரு காலின் நுனியிலும் எபாக்சியில் மயிரிழை வெடிப்பு. அதற்குள் உப்புத் தண்ணீர் இறங்கித் துருக்கறை படர்ந்து, பத்து வளையத்தையும் வெட்டியெடுத்துத் திரும்பக் கட்டினேன். அரத்தோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

சுற்றுவதற்கு என்ன வேண்டும்? கெட்டியான அட்டைப் பெட்டியின் இரு பக்கச் சுவரிலும் ஆங்கில வி வடிவத்தில் வெட்டினால் ராடு அதில் படுத்துக்கொள்ளும். நூல் கண்டை ஒரு கிண்ணத்தில் போட்டு, நூலைத் தடித்த புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே கொடுத்து இழுத்தால் இழுவிசை தயார். போதவில்லையென்றால் புத்தகத்தின் மேல் இன்னொரு புத்தகம். நான் முதல் ஐந்து ராடுகளை இப்படித்தான் கட்டினேன். மோட்டார் வைத்த சுற்றும் மெஷின் வேகத்தைத் தரும். பழகாத கைக்கு அந்த வேகத்தால் ஒரு லாபமும் இல்லை.

வளையத்தின் காலுக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் முன்னால், வெறும் பிளாங்க்கில் ஆரம்பியுங்கள். நூலை ஒரு சுற்று சுற்றி, அடுத்த சுற்று அதன் சொந்த வாலின் மேல் ஏறும்படி கொண்டுவாருங்கள். அப்படி ஐந்தாறு சுற்று ஆனதும் வால் அடியில் மாட்டிக்கொள்ளும். பிறகு வாலைப் பிளேடால் வெட்டிவிட்டு ராடை மட்டும் உருட்டிக்கொண்டே போங்கள். கை நூலை இழுக்கக் கூடாது, ராடுதான் நூலை வாங்கிக்கொள்ள வேண்டும். நூல் காலின் மேல் ஏறுகிற இடத்தில் கட்டைவிரல் நகத்தால் பின்னாலிருந்து தள்ளிக்கொடுத்தால் இடைவெளி விழாது. முடிவதற்கு ஏழெட்டுச் சுற்று இருக்கும்போது, இரண்டாக மடித்த வேறொரு நூல் துண்டை வைத்து அதன் மேலேயே சுற்றுங்கள். மடிப்பின் காது முன்னே நீட்டிக்கொண்டு இருக்கும். கடைசிச் சுற்று முடிந்ததும் நூலை வெட்டி, அந்தக் காதுக்குள் நுழைத்து, மடித்த நூலின் இரு வாலையும் சேர்த்து இழுத்தால், முனை சுற்றுகளுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். வெளியே தலைகாட்டும் மிச்சத்தைத் தூக்கிப் பிடித்துப் புதுப் பிளேடால் ஒரே வெட்டு. பழைய பிளேடு என்றால் பிசிறு நிற்கும். அந்தப் பிசிறு எபாக்சிக்கு அடியில் ஒரு முள்ளாக உறைந்து, ராடு இருக்கும் வரைக்கும் விரலில் தட்டுப்படும்.

இழுவிசை எவ்வளவு? சுற்றி முடித்த வளையத்தை இரு விரலால் கொஞ்சம் அழுத்தித் தள்ளினால் மயிரிழை நகர வேண்டும். அசையவே மாட்டேன் என்றால் இறுக்கம் அதிகம். எல்லா வளையத்தையும் ஒரே வரிசைக்குக் கொண்டுவர முடியாது. தானாக ஆடினால் தளர்வு. ஒரு கால் மட்டும் உள்ள வளையம் இழுபட்டு முன்னால் உருவிக்கொள்ளாமல் இருக்க, காலைச் சுற்றி முடித்தபின் நூலை வளையத்தின் கழுத்துக்கு முன்புறம் தாண்டவைத்து அங்கேயும் நாலைந்து சுற்றுப் போடுவது நல்லது. கடைசியாக வழவழப்பான பேனா மூடியால் சுற்றுகளைத் தேய்த்து நெருக்கினால், அங்கங்கே தெரிந்த இடைவெளிகள் மூடிக்கொள்ளும்.

இனி உங்கள் நீல நூல்.

ராடு நூலில் இரண்டு சாதி உண்டு. சாதாரண நைலானுக்கு நல்ல மினுமினுப்பு, ஆனால் உள்ளூரக் கண்ணாடித் தன்மை. நம் கண்ணுக்கு அது நீலமாகத் தெரிவதற்கு ஒரு காரணம், இழைகளுக்கு நடுவே இருக்கும் காற்று ஒளியைச் சிதறடிப்பது. எபாக்சி ஊறி அந்தக் காற்றை வெளியேற்றிவிட்டால், நைலானும் எபாக்சியும் ஒளியை வளைக்கும் அளவு கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் ஒளி சிதறாமல் நேரே உள்ளே போய்விடுகிறது. அப்புறம் தெரிவது அடியில் இருக்கும் கறுப்புக் கார்பன்தான். துணி நனைந்தால் நிறம் இருண்டு, உள்ளே இருப்பது தெரிகிறதே, அதே கதை. துணி காய்ந்தால் பழைய நிறம் திரும்பும். எபாக்சியில் நனைந்த நூல் காலத்துக்கும் நனைந்த நூல்தான். பட்டு நூலும் இப்படித்தான் கண்ணாடியாகும். மூங்கில் ராடு கட்டுகிறவர்கள் வேண்டுமென்றே அதைச் செய்வார்கள். மூங்கிலின் தேன் நிறம் நூலுக்குள்ளிருந்து தெரிவது தனி அழகு.

மற்ற சாதி என்சிபி என்று அழைக்கப்படுவது. நிறம் மாறாதபடி ஏற்கெனவே பதப்படுத்தப்பட்டது. எபாக்சி பட்டாலும் நீலம் நீலமாகவே நிற்கும். மினுமினுப்பு மட்டும் கொஞ்சம் மட்டு. உலோகப் பளபளப்புள்ள மெட்டாலிக் நூலுக்கும் இந்தப் பிரச்சினை கிடையாது. ஆனால் அது முறுக்கிக்கொள்ளும், இழுவிசை கூடினால் மேல்தகடு உரியும். ஓரத்தில் நாலு சுற்றுக்கு அது போதும்.

சாதாரண நைலானின் மினுமினுப்பும் வேண்டும், நிறமும் போகக்கூடாது என்றால் கலர் பிரிசர்வர் என்ற திரவத்தை முதலில் பூசுவார்கள். இது இழைக்குள் புகுந்து காய்ந்து, எபாக்சி உள்ளே வராமல் தடுக்கும். சிக்கனமாகப் பூசினால் தொலைந்தது. ஊறிய இடத்தில் நீலம், ஊறாத இடத்தில் கறுப்பு என்று திட்டு விழும். நீங்கள் சொன்ன திட்டும் ஏறத்தாழ இதே கணக்கு. எபாக்சி சில இடத்தில் முழுக்க இறங்கி, சில இடத்தில் இறங்கவில்லை. பிரிசர்வரைத் தாராளமாக நனையவிட்டு, மிச்சத்தை ஒற்றியெடுத்து, காய்ந்ததும் இன்னொரு முறை பூசி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். ஆனால் இதை வளையங்களின் மேல் பூசாதீர்கள். அங்கே எபாக்சி நூலுக்குள் இறங்கிப் பிளாங்க்கைப் பிடிக்க வேண்டும், நடுவில் ஒரு தடுப்பு எதற்கு? வளையத்துக்கு என்சிபி அல்லது கறுக்கட்டும் என்று விட்ட சாதாரண நைலான். கைப்பிடிக்கு மேலுள்ள வேலைப்பாட்டுக்கு விருப்பம் போல. நான் செய்வது இன்னொன்று. வைரம் வரப்போகும் இடத்தில் முதலில் வெள்ளை என்சிபி நூலை அடிச்சுற்றாகச் சுற்றிவிடுவேன். அதன் மேல் போகும் சாதாரண நைலான் கண்ணாடியானாலும் பின்னால் தெரிவது வெள்ளை என்பதால் நிறம் உயிரோடு இருக்கும். வழுவழுப்பான பிளாங்க்கில் சாய்வாகப் போகும் நூல் வழுக்காமல் இருக்கவும் அந்த அடிச்சுற்று உதவும்.

வைரம் நீண்டதற்கு வருகிறேன். வைர வேலைப்பாட்டில் நூல் நேராகச் சுற்றப்படுவதில்லை. ஒரு நூல் சாய்வாகத் திருகிக்கொண்டு மேலே போகும், அதே சாய்வில் எதிர்த்திசையில் திரும்பக் கீழே வரும். போகும் நூலும் வரும் நூலும் ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டு இடத்தில் குறுக்கிடும். ஒன்று முன்பக்கம், மற்றது அதற்கு நேர் எதிரே. சாய்வு சரியாக 45 பாகை இருந்தால்தான் வைரத்தின் நீளமும் அகலமும் ஒன்றாக இருக்கும். 45 பாகை என்றால், பிளாங்க்கை ஒரு முறை சுற்றிவருவதற்குள் நூல் எவ்வளவு தூரம் மேலேறுகிறது? பிளாங்க்கின் சுற்றளவு எவ்வளவோ அவ்வளவு. ஆக, ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த இரு குறுக்கீடுகளுக்கு நடுவே உள்ள தூரம் அந்த இடத்தின் சுற்றளவுக்குச் சமமாக இருக்க வேண்டும். வைர வேலையின் கணக்கு மொத்தமும் இந்த ஒரு வரிதான்.

பிளாங்க்கோ மேலே போகப்போகச் சிறுக்கிறது. கைப்பிடி அருகே 14 மில்லிமீட்டர் தடிமன் என்றால் சுற்றளவு 44. வேலைப்பாடு முடியும் இடத்தில் 11 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு 34½. நீங்கள் ஸ்கேலை வைத்து 44, 44 என்று சமமாகக் குறித்துக்கொண்டே போயிருப்பீர்கள். மேல் முனையில் அகலம் 34½ ஆகச் சுருங்கிவிட்டது, நீளம் மட்டும் 44-லேயே நிற்கிறது. கால் பங்குக்கு மேல் நீளம் கூடிவிட்டது. ஈட்டி முனை இப்படித்தான் வந்தது.

இதைத் தவிர்க்க ஸ்கேலே வேண்டாம். ஒரு மெல்லிய காகிதப் பட்டையைப் பிளாங்க்கின் மேல் சுற்றி, நுனி ஒன்றின் மேல் ஒன்று வரும் இடத்தில் குறித்தால் அந்த இடத்தின் சுற்றளவு கையில் வந்துவிட்டது. அதே பட்டையை நீளவாக்கில் வைத்து அடுத்த புள்ளியைக் குறியுங்கள். அந்தப் புள்ளியில் திரும்பச் சுற்றிப் புது அளவு எடுங்கள், அடுத்த புள்ளி. ஒவ்வொரு முறையும் அளவு கொஞ்சம் குறைந்துகொண்டே வரும். எதிர்ப்பக்கக் கோட்டுக்கு, அதே பட்டையை இரண்டாக மடித்தால் நேர் எதிர்ப்புள்ளி கிடைக்கும். நான்காக மடித்தால் நாலு கோடு போட்டு நாலு பக்கமும் வைரம் வைக்கலாம். முதல் தடவைக்கு இரண்டு கோடு போதும். எதிர்ப்பக்கப் புள்ளிகள் முன்பக்கப் புள்ளிகளுக்கு நடுவே விழும் என்பதை மறந்துவிடாதீர்கள். புள்ளிகளைக் கறுப்பு பிளாங்க்கில் வெள்ளைப் பென்சிலால் குறிக்கலாம். அடிச்சுற்று போட்டிருந்தால் நூலில் கறை ஒட்டாதபடி மெல்லிய டேப் பட்டையை நீளவாக்கில் ஒட்டி அதன் மேல் குறித்து, முதல் நூல்கள் நிலைத்ததும் உருவிவிடலாம்.

நூல் எது? ஏ என்ற அளவு ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர், டி என்பது ஏறத்தாழ 0.25. வளையங்களுக்கு ஏ அழகு. வைரத்துக்கு முதல் முறை டி எடுங்கள். இடம் சீக்கிரம் நிரம்பும், தப்பும் குறைவாகத் தெரியும். வேலைப்பாட்டின் இரு முனையிலும் நூல்களைப் பிடித்துவைக்க மாஸ்கிங் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

முதல் நூலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள். மிகையாகச் சொல்லவில்லை. அது கீழிருந்து மேலே போய், மேல் டேப்பில் அரைச்சுற்றுத் திரும்பி, கீழே வந்து சேரும் வரை ஒவ்வொரு குறுக்கீடும் புள்ளியின் மேல் உட்கார வேண்டும். ராடைக் கண் மட்டத்துக்குத் தூக்கி அடியிலிருந்து நுனி நோக்கிப் பாருங்கள். குறுக்கீடுகள் ஒரே கோட்டில், துப்பாக்கிக் குறி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நிற்க வேண்டும். ஒன்று விலகியிருந்தால் நகத்தால் தள்ளுங்கள். இன்னும் ஒரு தடவை பாருங்கள். இதற்குப் பிறகு வரும் நூல்கள் எல்லாம் இதன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப்போகின்றன. இங்கே அரை மில்லிமீட்டர் கோணல் முப்பதாவது நூலில் ஊரறியத் தெரியும்.

பிறகு ஒவ்வொரு நிறமாக முதல் நூலுக்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டே போவது. நடு நூலுக்கு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்தால் வைரம் வரும். ஒரே பக்கமாக மட்டும் வைத்துக்கொண்டே போனால் அம்புக்குறி அடுக்கு வரும், அதைத்தான் செவ்ரான் என்கிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இவ்வளவே. எந்தப் பக்கம் முதலில், எந்தப் பக்கம் அடுத்து என்ற வரிசையை நடுவில் மாற்றாதீர்கள். கடைசியாகப் போன நூல்தான் குறுக்கீட்டில் மேலே தெரியும். வரிசை மாறினால் ஒரு வைரத்தின் நடு மட்டும் மற்றதைப் போல இருக்காது, ஏன் என்று யாருக்கும் புரியாது, ஆனால் எல்லோர் கண்ணும் அங்கேயே போகும். நான் ஒரு காகிதத்தில் வெள்ளை 2, நீலம் 4, கறுப்பு 2, வெள்ளி 1 என்று எழுதி எதிரே ஒட்டிக்கொள்வேன். நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் எந்த நூலில் விட்டோம் என்பது நினைவிருக்காது. ஒவ்வொரு ஜோடி முடிந்ததும் பேனா மூடியால் குறுக்கீடுகளை அழுத்தி நெருக்கிவிடுங்கள்.

நிறத்தில் என் கருத்து ஒன்று. மூன்று போதும், நாலு தாராளம். பக்கத்தில் பக்கத்தில் வரும் இரண்டுக்கும் வெளிச்ச வித்தியாசம் இருக்க வேண்டும். கரும்பச்சையும் கருநீலமும் கண்டில் வேறுவேறாகத் தெரிந்தாலும் ராடில் ஒரே இருட்டாகிவிடும்.

எல்லா நூலும் ஆனபின், டேப்புக்கு உட்பக்கம் வழக்கமான நேர்ச்சுற்றால் ஒரு பட்டை போட்டு, சாய்வு நூல்கள் அதில் நன்றாக மாட்டிக்கொண்டதும், வெளியே உள்ள வால்களை வெட்டி, வெட்டிய இடத்தை மூடும்வரை சுற்றினால் முனை சுத்தமாக நிற்கும்.

எபாக்சிதான் எல்லோரையும் கவிழ்க்கிற கட்டம். அதன் இரு பாகங்களான ரெசினும், அதை இறுகவைக்கும் ஹார்டனரும் பெரும்பாலான ராடு பூச்சுகளில் கன அளவில் சமபாகம். டப்பாவில் போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். குத்துமதிப்பு ஆகாது. ஒவ்வொன்றுக்கும் தனி சிரிஞ்ச் வைத்து அளந்து எடுங்கள். ஒவ்வொன்றிலும் 3 மில்லிலிட்டருக்குக் குறைவாகக் கலக்காதீர்கள். அளவு சிறியதாக இருந்தால் இரண்டு சொட்டுப் பிசகே விகிதத்தைக் கெடுத்துவிடும். சிலிகான் எண்ணெய் பட்ட சிரிஞ்ச் என்றால் பூச்சில் மீன் கண் மாதிரிக் குழி விழும். மூன்று நான்கு நிமிடம் மெதுவாக, ஓரங்களை வழித்து வழித்துக் கலக்குங்கள். கலந்ததும் கிண்ணத்திலேயே வைத்திருந்தால் அதன் சூடே அதைச் சீக்கிரம் கெட்டியாக்கும். அலுமினியத் தாளில் பரப்பி ஊற்றினால் சூடும் தணியும், குமிழிகளும் மேலே வந்து உடையும். கையுறை போடுங்கள். ஹார்டனர் சிலருக்கு முதலில் ஒன்றும் செய்யாமல் இருந்து, பல தடவை பட்டபின் ஒருநாள் தோல் ஒவ்வாமையாக மாறும். அதன் பிறகு இந்த வேலைக்கே வரமுடியாது.

பூசுவதற்கு முன் ஸ்பிரிட் விளக்கின் சுடரில் ராடைச் சுழற்றிக்கொண்டே ஒரு விசுக்கென்று காட்டினால் நூலின் பஞ்சுப் பிசிறுகள் பொசுங்கிப் போகும். ஒரு நொடி அதிகமானால் நூலே பொசுங்கும். முதல் பூச்சு மெல்லியதாக, நூலுக்குள் இறங்குவதற்காக மட்டும். ஐந்து நிமிடம் கழித்து ராடைச் சுழற்றாமல் நிறுத்தினால் மிச்சம் அடியில் சேர்ந்து தொங்கும். அதைப் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். பிறகு சுழற்சி. நிமிடத்துக்குப் பத்துச் சுற்று மாதிரி மெதுவாகச் சுழலும் சின்ன மோட்டார் இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டால் முதல் ஒரு மணி நேரம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரைத்திருப்பு, அடுத்த இரண்டு மணி நேரம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் ஒரு முறை ஜெயித்தாலும் அடியில் ஒரு தொப்பை விழுந்திருக்கும். ஈரக்காற்று அதிகமுள்ள நாளில் மேல்பரப்பு பனி படர்ந்தாற்போல மங்கலாகும், அன்றைக்கு வேண்டாம். ஒரு நாள் விட்டு அடுத்த பூச்சு. சாய்வு நூல்களின் மேடுபள்ளம் அடங்க வைரப் பகுதிக்கு மூன்று, சில சமயம் நாலு பூச்சு ஆகும். வளையங்களுக்கு இரண்டு போதும். நுனியில் உள்ள குட்டி வளையங்களுக்கு மெல்லிய ஒன்றே போதும். கைப்பிடி அருகே பத்து கிராம் கூடினாலும் கைக்குத் தெரியாது. நுனியில் ஒரு கிராம் கூடினால் ராடு மந்தமாகிவிடும். வளையச் சுற்றுகள் ரக்பிப் பந்து மாதிரி உப்பியிருக்கும் ராடுகளைப் பார்த்திருப்பீர்கள். பளபளப்பாக இருக்கும், ஆனால் வீசினால் நுனி அலைந்து அலைந்து நிற்கும்.

இரண்டு நாள் ஆகியும் பிசுபிசுப்பு போகவில்லையென்றால் விகிதம் தப்பு அல்லது கலக்கியது போதவில்லை. உடனே சுரண்ட ஆரம்பிக்காதீர்கள். இன்னும் சில நாள் பொறுத்து, சரியாகக் கலந்த மெல்லிய பூச்சு ஒன்றை மேலே கொடுத்தால் பெரும்பாலும் மேல்பரப்பு இறுகிவிடும். இன்னொன்று, எபாக்சி வெயிலில் நாளடைவில் மஞ்சளிக்கும். வெள்ளை தந்த நிறமாகும், வெளிர்நீலம் பச்சையை நோக்கி நகரும். உங்களுக்கு நீலம்தான் பிடிக்கும் என்றால் அடர் நீலத்தில் இது அதிகம் தெரியாது.

புலி வரி, நெசவு இதெல்லாம் எப்போது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். புலி வரி என்பது இரண்டு நிறத்தை அடுத்தடுத்துச் சுற்றிய அடிப்படலத்தில் எபாக்சி பூசிக் காயவைத்து, மேலே இரண்டு நூலைச் சேர்த்துச் சுற்றி, ஒன்றை உருவிவிட்டு மறுபடி பூசுவது. இரண்டு படலக் கோடுகளும் ஒன்றோடொன்று மோதி, ராடைத் திருப்பும்போது அலை ஓடுவது போலத் தெரியும். பார்க்க மிரட்டும், செய்வது வைரத்தைவிடச் சுலபம். நெசவில் நீளவாக்கில் பல நூல்களைப் பரப்பி, ஒவ்வொரு சுற்றுக்கும் எது மேலே எது கீழே என்று கட்டம் போட்ட தாளைப் பார்த்து மாற்றி, மீன், பெயர் எல்லாம் வரவழைக்கலாம். மூன்று ராடு முடித்தபின் தொடுங்கள்.

அந்தப் பழைய ராடைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேலைப்பாட்டின் மேல் ஹேர் டிரையர் சூட்டைக் காட்டிக்கொண்டே இருந்தால் எபாக்சி ரப்பர் மாதிரி இளகும். மேல்தோலை மட்டும் பிளேடைப் படுக்கவைத்துச் சீவியெடுத்து, நூலின் ஒரு முனையைக் கிளப்பி உருவினால் சுருள் சுருளாக வரும். பிளேடைச் செங்குத்தாக இறக்காதீர்கள்; கார்பனில் ஒரு கீறல் விழுந்தால் ராடு ஒருநாள் அங்கேதான் முறியும். மிஞ்சிய பிசினை நகத்தாலும் ஸ்பிரிட் துணியாலும் எடுத்துவிட்டு, காகிதப் பட்டையைச் சுற்றிப் புது அளவில் ஏழெட்டுப் புள்ளிகள் குறியுங்கள். வெள்ளை டி நூல் ஒன்றை மட்டும் மேலே கொண்டுபோய்க் கீழே கொண்டுவாருங்கள். குறுக்கீடுகள் எல்லாம் கோட்டில் நின்றால் அடுத்த நூலுக்குப் போகலாம். நிற்கவில்லையா, அவிழ்த்துவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள். இன்னும் எபாக்சி பூசவில்லை, நூல்தானே.